நிற்கிறவனுக்குப் போட்ட மனை

14

முத்துக்குமரன் ஒழுங்காக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகிவிட்டது.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு அது தெரியும். இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். காளவாசல் சிக்னலில் நின்றுகொண்டிருந்தவனின் ஸ்கூட்டரைப் பின்னால் வந்த வேன் ஒன்று முட்டியதில் இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அதனாலேயே சொந்தபந்தம் யாரும் நம்பவில்லை. "பத்து நிமிஷத்துக்கு மேல உக்காராதீங்க. நில்லுங்க, நடங்க, முடியலைன்னா படுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற கம்பெனியில் அவனுக்குப் பதினோரு வருட வேலை. வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லி, பட்டனை அமுக்கினால் மோட்டார் முனகலோடு இடுப்புக்கு மேல் எழும்பி நிற்கும் மேசை ஒன்றையும் போன மாதம் கம்பெனி அனுப்பி வைத்தது.

அதை அவன் முன்னறையில் போட்டான். அவன் மனைவி அஸ்வினி சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த அறை அது. மேசை வந்த மறுநாளிலிருந்து பிள்ளைகள் வருவதில்லை.

தங்கை மீனாவும் அவள் புருஷன் அருள்பாண்டியும் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது அந்த மேசையைப் பார்த்தார்கள். அலங்காநல்லூரில் உரக்கடை வைத்திருப்பவன் அருள்பாண்டி. பட்டனை ஏழெட்டு முறை அமுக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தான்.

"நாங்க நாள் பூரா வெயில்ல நிக்கிறோம், ஏன்னு கேக்க நாதியில்ல. மச்சான் ஃபேனுக்கு அடியில நிக்க மெசினு!" என்று சிரித்தான்.

காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மடி வேண்டுமென்றால் மாமன் உட்கார வேண்டும். அந்த இடத்தில்தான் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கே முத்துக்குமரன் மேசை முன்னால் நின்றுவிட்டான். விசேஷத்துக்காக மதியம் இரண்டு மணி வரை அனுமதி வாங்கியிருந்தான். அதை ஈடுகட்டக் காலையிலேயே இருபது விண்ணப்பங்களை முடித்துவிடுவதாக மேனேஜரிடம் ஒப்புக்கொண்டிருந்தான். இடுப்பில் பெல்ட். ஒரு கால் மரப்பலகை மேல், ஒரு கால் தரையில். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கால் மாற்றிக்கொண்டான்.

அஸ்வினி கூடத்தில் சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழம், இனிப்பு, தேங்காய். பதினோரு தட்டு. ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடித்தாளைச் சுற்றி ஒட்டினாள்.

"இந்தா, இந்தத் தட்டை மட்டும் செத்த பிடிங்க. தாள் நழுவுது" என்றாள்.

"இன்னும் மூணு இருக்கு. முடிச்சுட்டு வாரேன்."

"ரெண்டு நிமிஷந்தான்."

"நிக்கிறதுக்கே உசுரு போகுது அஸ்வினி. நீயே பாரு."

அவள் தட்டை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, பல்லால் டேப்பைக் கடித்தாள். "ஆபீஸ்னா எட்டு மணி நேரம் நிக்க முடியுது" என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. பதில் சொன்னால் பேச்சு வளரும் என்று விட்டுவிட்டான். பதினெட்டாவது விண்ணப்பத்தில் ஒரு தேதி இடித்தது. அதைப் பார்த்தான்.

ஏழு மணிக்கு மீனாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, கிளம்பிட்டீகளா?"

"கிளம்பிட்டே இருக்கோம். மீனா, நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குண்ணே. பத்தே நிமிஷம். ஆசாரிக்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன். உக்காந்ததும் குத்திருவாரு."

"மாப்ளைக்கிட்ட சொன்னியா?"

அவள் குரல் தணிந்தது. "சொல்லிட்டேண்ணே" என்றாள்.

வாடகை ஆம்னியின் பின் இருக்கையில் அவன் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தான். அஸ்வினி முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தாள். தட்டுகள் அவன் கால்மாட்டிலும் தலைமாட்டிலும் இருந்தன. அழகர்கோவில் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் பல்லைக் கடித்தான். அஸ்வினி ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

வண்டி நின்றதும் கொட்டுச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவன் அருள்பாண்டி. பட்டு வேட்டி, கழுத்தில் புதுச் சங்கிலி. பின்னால் அவன் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர்.

"என்னப்பா இது! மாமன் சீரோட நடந்து வருவாருன்னு கொட்டுக்காரங்களை நிறுத்தி வச்சிருக்கேன், இவரு பொட்டலமா வந்து எறங்குறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அருள்பாண்டியின் அம்மா மாயக்காள் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல நாள் அதுவுமா படுத்துக்கிட்டா வாரது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முத்துக்குமரன் கதவைப் பிடித்துப் பைய இறங்கினான். தட்டோடு அழகர்கோவில் கருப்புசாமி சன்னதி வரை நடந்தான். நடப்பது அவனுக்குச் சிரமமில்லை. நடக்கும்போது மற்றவர்கள் போலத்தான் இருந்தான். அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று. "நல்லாத்தானய்யா நடக்குறாரு" என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

மொட்டை அடிப்பது சிக்கலில்லாமல் முடிந்தது. மீனாவின் மூன்று வயது மகள் தங்கப்பொண்ணு மாமன் மடியில் அலறினாள். முடி இறக்குபவர் கைதேர்ந்தவர், ஆறே நிமிடத்தில் வழித்துவிட்டார். அஸ்வினி கை கொடுக்க, முத்துக்குமரன் எழுந்து நின்றான். இவ்வளவுதானா என்று நினைத்தான். மனசில் ஒரு தெம்பு வந்தது.

குழந்தையைக் குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டிக் கொண்டுவந்தார்கள். ஆசாரி தட்டில் தங்கக் கம்பியும் எலுமிச்சம்பழமும் எடுத்து வைத்தார். தரையில் மனைப் பலகை போட்டிருந்தது.

"ஒரு சேர் போட்டா நல்லது அத்தை" என்றான் முத்துக்குமரன். "தரையில மடக்கி உக்காந்தா எனக்கு..."

"சேர்ல உக்காந்து காது குத்த இது என்ன சலூனா?" என்றாள் மாயக்காள். "எங்க வீட்டுல மனையிலதான் உக்காருவாக."

மீனா அங்கேதான் நின்றாள். கையில் ஆரத்தித் தட்டு. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தட்டிலிருந்த திரியைச் சரிசெய்தாள்.

உட்கார்ந்தான். சம்மணம் போட்டபோது இடது பக்கம் ஒரு கம்பி இழுத்தது. குழந்தையை மடியில் வைத்தார்கள். பதினாலு கிலோ. அவளுக்கு எதற்கோ சிரிப்பு வந்து, மாமன் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

ஆசாரி கம்பியை எடுத்தார்.

"இருங்க ஆசாரி" என்றான் அருள்பாண்டி. "பெரியப்பா வரலை."

"எந்தப் பெரியப்பா?" என்றான் முத்துக்குமரன்.

"கண்ணுச்சாமிப் பெரியப்பா. எங்க வீட்டுக்கு மூத்தவரு. அவரு வராமக் காது குத்துனா மரியாதையா இருக்குமா? வாடிப்பட்டி தாண்டிட்டாராம். இந்தா வந்துருவாரு."

"அப்ப அதுவரைக்கும் நான் எந்திரிச்சு..."

"மடியில வச்ச பிள்ளைய இறக்கப்படாது" என்றாள் மாயக்காள், கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி. "மாமன் பாதியில எந்திரிச்சா பிள்ளைக்கு ஆகாது."

அப்படி ஒரு சாங்கியம் உண்டா என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஆகாது என்று ஒருத்தி சொன்ன பிறகு, ஆகும் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. பத்தைத் தாண்டியதும் இடுப்பில் இழுத்த கம்பி தொடைக்கு இறங்கியது. அங்கிருந்து ஆடுசதைக்கு. அவன் இரண்டு கையையும் பின்னால் ஊன்றிப் பாரத்தைக் கையில் வாங்கப் பார்த்தான். குழந்தை சரிந்தாள். "பிள்ளைய ஒழுங்காப் பிடிப்பா!" என்று ஒரு குரல் வந்தது. கையை முன்னால் எடுத்தான்.

அஸ்வினி வந்தாள். "அண்ணே, அவருக்கு முடியாதுண்ணே. டாக்டர் சொல்லியிருக்காரு. சீக்கிரம் முடிங்கண்ணே."

"தெரியும் தங்கச்சி. இந்தா, பெரியப்பா வண்டி ஊமச்சிகுளம் வந்துருச்சாம்" என்றான் அருள்பாண்டி, கனிவாக. "நீ போயி ஒரு வாய் காப்பி குடி."

அவள் போனாள். வேம்புக்கு அடியில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். யாரோ அவளுக்கு டம்ளரில் காப்பி கொடுத்தார்கள்.

இருபது நிமிடம். வேர்வை அவன் புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. குழந்தை அழ ஆரம்பித்தாள். அவளைச் சிரிக்க வைக்கக் கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, பூனை மாதிரி கத்தினான். அவள் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நாலைந்து பேர் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள்.

"பாத்தியா, மாமன் நல்லாத்தான் உக்காந்திருக்காரு" என்றார் ஒருவர். "ஆபீசுக்கு லீவு போடத்தான் அந்த நோவெல்லாம்."

அருள்பாண்டி அவன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டான். பிள்ளையின் கொலுசைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்துகொண்டான்.

"வலிக்குதா மச்சான்?"

"மாப்ள, கையெடுத்துக் கும்புடுறேன். இடது கால் இருக்கா இல்லையான்னே தெரியல. குத்தச் சொல்லு."

"சொல்றேன். ஒண்ணு கேக்கவா? எட்டு வருசத்துக்கு முன்னால, தை மாசம், நான் தனியா உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

முத்துக்குமரனுக்கு வலியில் யோசனை ஓடவில்லை. "வந்தே. பேசினோம்."

"பேசினோம். எம்புட்டு நேரம் பேசினோம்?"

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் இருபது நிமிஷம். நீ சேர்ல இருந்தே. பக்கத்துல இன்னொரு சேர் சும்மா கெடந்துச்சு. நான் அதப் பாத்தேன். நான் பாக்குறத நீயும் பாத்தே. பாத்துட்டு, உன் ரெண்டு காலையும் தூக்கி அது மேல வச்சுக்கிட்ட. அப்படியே கால் மேல கால் போட்டுக்கிட்டு, 'உரக்கடையில மூட்டை தூக்குறவனுக்கு என் தங்கச்சியா'ன்னு கேட்ட. தெருவாசல்ல நாலு பேரு வேடிக்கை பாத்தாங்க."

முத்துக்குமரன் அவன் முகத்தைப் பார்த்தான். உண்மையிலேயே அவனுக்கு அது நினைவில் இல்லை. கோபப்பட்டது நினைவிருந்தது, கடைசியில் சரி என்று சொன்னது நினைவிருந்தது. நாற்காலி நினைவில்லை.

"மாப்ள, அது... அன்னைக்கு ஏதோ..."

"மறந்துட்டல்ல? நிக்க வச்சவனுக்கு மறந்துரும் மச்சான். நின்னவனுக்குத்தான் மறக்காது." அருள்பாண்டி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டான். கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் அம்பது நிமிஷம் பாக்கி இருக்கு."

கண்ணுச்சாமிப் பெரியப்பா வந்தபோது முத்துக்குமரன் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. பாவம், காலையிலேயே கிளம்பிவிட்டார். வாடிப்பட்டியில் இறங்கி ஒரு துக்கம் விசாரித்துவிட்டு நிதானமாக வரும்படி அருள்பாண்டியே போனில் சொல்லியிருந்தான். "நான் வரணும்னுட்டா இம்புட்டு நேரம் காத்திருந்தீக?" என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

ஆசாரி இரண்டு காதையும் கண் மூடித் திறப்பதற்குள் குத்திவிட்டார். குழந்தை ஓலமிட்டாள். கொட்டு முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அஸ்வினி எழுந்து வந்து முறைப்படி மாமன் சீர்த்தட்டை நீட்டினாள்.

"மாமன் எந்திரிக்கலாம்" என்றாள் மாயக்காள்.

அவனால் முடியவில்லை.

வலது கையை ஊன்றினான். இடுப்பு எழும்பவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, மண்டியிட்டு எழப் பார்த்தான். இடது கால் வேறு யாருடையதோ போல மனைப் பலகையில் கிடந்தது. பட்டு வேட்டி அவிழ்ந்தது. பங்காளி இருவர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். தூக்கியவர்களில் ஒருவன், "நாலு பிள்ள பெத்தவ மாதிரி எந்திரிக்கிறாரே!" என்றான். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது.

மீனா வேட்டியின் முனையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். "கட்டிக்கங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பந்தியில் அருள்பாண்டி ஒரு ஆளைக் கூப்பிட்டான். "ஏப்பா, எங்க மச்சானுக்கு மட்டும் ரெண்டு பெஞ்சை ஒண்ணு மேல ஒண்ணு தூக்கிப் போட்டு எலை போடு. அவரு நின்னுக்கிட்டுத்தான் எதையும் செய்வாரு. கம்பெனி உத்தரவு."

நிஜமாகவே தூக்கிப் போட்டார்கள். நூற்றைம்பது பேர் வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு தின்ற பந்தியில், பெஞ்சு மேல் பெஞ்சு வைத்த உயரத்தில் ஓர் இலை மட்டும் தனியாக இருந்தது. முத்துக்குமரன் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வண்டிக்கு நடந்தான். இடது பாதம் தரையில் இழுபட்டது.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றரை.

இரண்டு மணிக்கு வேலையில் இருக்க வேண்டும். முகம் கழுவி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேசை முன்னால் போய் நின்றான். பட்டனை அமுக்கினான். மேசை எழும்பி வந்தது. கீபோர்டில் கை வைத்தான். முதல் விண்ணப்பத்தைத் திறந்தான். நோயாளியின் பெயரைப் படிப்பதற்குள் இடது முழங்கால் மடிந்தது. மேசையைப் பிடித்துத் தொங்கினான். மறுபடி நின்றான். மறுபடி மடிந்தது. ஏழு மாதத்தில் இப்படி ஆனதில்லை. உட்கார முடியாமல் போனாலும் நிற்க முடிந்தது. அந்த நிற்பை நம்பித்தான் பிழைப்பு ஓடியது. இரண்டு இருபதுக்கு அவன் தரையில் குப்புற விழுந்து கிடந்தான்.

அஸ்வினி பாயை விரித்து அவனை உருட்டிப் போட்டாள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து இடுப்பில் ஒத்தடம் வைத்தாள்.

"ஆபீசுக்குச் சொல்லணும்" என்றான்.

"சொல்லுங்க."

அவன் சொல்வதற்குள் ஆபீசே கூப்பிட்டது. நாலு மணி இருக்கும். போனைக் காதில் பிடிக்கக் கையைத் தூக்க முடியாமல், ஸ்பீக்கரில் போட்டுத் தலைமாட்டில் வைத்தான்.

"முத்து, ஹரிஷ்குமார் பேசுறேன்." மேனேஜர் எப்போதும் கலகலப்பாகப் பேசுகிறவர். இன்று வேறு குரலில் பேசினார். "எங்க இருக்கீங்க?"

"வீட்டுல சார். கொஞ்சம் முடியல. நானே கூப்பிடணும்னு..."

"காலையில எங்க இருந்தீங்க?"

"விசேஷம் சார். தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து. சொல்லியிருந்தேனே."

"தரையில சம்மணம் போட்டு உக்காந்திருந்தீங்களா?"

"ஆமா சார். ஆனா அது..."

"ஒரு வீடியோ வந்திருக்கு முத்து. எனக்கு மட்டும் வரல, மேல எச்.ஆர். வரைக்கும் போயிருக்கு. நாலு நிமிஷம். பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு பூனை மாதிரி சத்தம் போட்டு விளையாடுறீங்க. சுத்தி எல்லாரும் சிரிக்கிறாங்க. கூடவே ஒரு வரி எழுதியிருக்கு, 'உட்கார முடியாத ஊழியர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் காட்சி'ன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"சார், என்னை எந்திரிக்க விடல சார். வேணும்னே லேட் பண்ணாங்க. இப்ப என்னால நிக்கக்கூட முடியல..."

"உங்களுக்காக நான்தான் கையெழுத்துப் போட்டு அந்த மேசைய வாங்கினேன். இப்ப என்னையும் சேத்துக் கேக்குறாங்க." அவர் பெருமூச்சு விட்டார். "நாளைக்குக் காலையில ஆள் வருவாங்க. மேசைய எடுத்துக்கிருவாங்க. திங்கக்கிழமையில இருந்து எல்லாரையும் போல ஆபீசுக்கு வந்து உக்காந்து பாருங்க. முடியாதுன்னா இன்னைக்கு ஏழு மணிக்குள்ள ஒரு விளக்கம் எழுதுங்க. உங்களை வற்புறுத்தி உக்கார வச்சாங்கன்னு அங்க இருந்த ஒருத்தராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். வீடியோவை உங்களுக்கு அனுப்புறேன். நீங்களே பாருங்க."

வந்தது. பார்த்தான்.

தன் முகத்தை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். உப்பிய கன்னம், உருட்டிய கண். வலி எங்கேயும் தெரியவில்லை. வேர்வைகூட வெயிலில் பளபளப்பாகத்தான் இருந்தது. இதைப் பார்க்கிற எவனும் இவன் சீக்காளி என்று சொல்லமாட்டான்.

நாலாவது நிமிடத்தில் ஆசாரியின் குரல் கேட்டது. "ஏம்மா, அவருக்கு ஒரு மாதிரி வேர்க்குது. நான் குத்திரட்டுமா? பெரியவர் வந்தா வாராரு."

படம் எடுத்தவள் பதில் சொன்னாள். போனுக்கு அருகில் பேசியதால் தெளிவாகக் கேட்டது.

"வேணாம் ஆசாரி. இன்னும் செத்த நேரம் உக்காந்திருக்கட்டும்."

மீனாவின் குரல்.

முத்துக்குமரன் அந்த இடத்தை மறுபடி ஓட்டினான். மூன்றாம் முறையும் ஓட்டினான். பிறகு அதே ஸ்பீக்கரில் மீனாவைக் கூப்பிட்டான்.

"சொல்லுண்ணே." பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"வீடியோ நீயா எடுத்த?"

பாத்திரச் சத்தம் தள்ளிப் போனது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

"ஆமா."

"செத்த நேரம் உக்காரட்டும்னு நீயா சொன்ன?"

"ஆமாண்ணே. நான்தான் சொன்னேன்." அவள் குரலில் அழுகை இல்லை. "அவரு அன்னைக்கு உங்க முன்னாடி நின்னாருல்ல, அப்ப நான் அடுப்படி வாசல்ல நின்னேன். நாற்காலிய எடுத்துப் போடப் போனேன். 'உள்ள போடி'ன்னீங்க. கல்யாணமாகி வந்த இந்த எட்டு வருசத்துல அந்தச் சேரை அவரு ஒரு நாள் விடாமச் சொல்லிக் காட்டிருக்காரு. சோத்துல உப்பு கொறஞ்சா சேரு. வெளிய போகணும்னு கேட்டா சேரு. நீங்க உக்காந்ததுக்கு நான் நின்னுக்கிட்டே இருக்கேண்ணே. ஒரு மணி நேரம் நீங்க கஷ்டப்பட்டா அவருக்கு ஆறும்னு நெனச்சேன். இனிமேலாவது என்னை விடுவாருன்னு நெனச்சேன்."

அஸ்வினியின் கை அவன் இடுப்பில் சீராக ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தது.

"சரி. அது எனக்கும் உனக்கும்" என்றான். "அதை ஏன் மீனா ஆபீசுக்கு அனுப்புன? என் வேலைய ஏன் கெடுத்த?"

"ஆபீசுக்கா?" அவள் திகைத்தது நிஜம் போலத்தான் இருந்தது. "நான் எந்த ஆபீசுக்கும் அனுப்பலையே."

"மாப்ளைக்கு அனுப்பியிருப்ப. அவன் அனுப்பியிருப்பான்."

"இல்லண்ணே. அவருக்கு நான் காட்டக்கூட இல்ல. காட்டுனா ஊரு பூரா போட்டுருவாருன்னு பயந்து, அனுப்புன கையோட என் போன்ல இருந்தும் அழிச்சுட்டேன். ஒரே ஒருத்தருக்குத்தான் அனுப்புனேன். கேட்டாக, அனுப்பிவிட்டேன்."

"யாரு கேட்டா?"

"மதினிதாண்ணே. சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்து கேட்டாக."

அவன் இடுப்பில் இருந்த கை நின்றது.

ஈரத்துணி அப்படியே கிடந்தது. முத்துக்குமரன் குப்புறக் கிடந்தான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பைத் திருப்ப வேண்டும். கழுத்தைத் திருப்பினான். சுவரும், டியூஷன் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் நின்ற மேசையின் இரும்புக் காலும்தான் தெரிந்தன. தோளை ஊன்றிப் பார்த்தான். இடுப்பு நகரவில்லை.

"அண்ணே? லைன்ல இருக்கீகளா?" என்றாள் மீனா.

அவன் முதுகுக்கு மேலாக ஒரு கை வந்து போனை அணைத்தது. வளையல் சத்தம் கேட்டது.

"அஸ்வினி" என்றான்.

"தண்ணி ஆறிருச்சு" என்றாள் அவள், சாதாரணமாக. "சுட வச்சுட்டு வாரேன்."

காலடிச் சத்தம் அடுப்படிப் பக்கம் போனது. அவன் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். பாத்திரத்தைக் கீழே வைப்பது கேட்டது. அடுப்பைப் பற்றவைக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தான். ரொம்ப நேரம் காத்திருந்தான். அது வரவே இல்லை.